கிளைசினும் தண்டுவடமும் வலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். தண்டுவடத்தில் வலி எப்படிக் கையாளப்படுகிறது என்ற பாடம் முடிந்ததும் வகுப்பில் எழும் சந்தேகங்கள் ஒருவகை. ‘கிளைசின் பவுடர்’ விளம்பரத்தைப் பார்த்துவிட்டு உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்பவை இன்னொரு வகை. இரண்டையும் கலந்து, கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பாடம் நடத்தும் வரிசையில் இருக்கிறது. நேராகச் சூப் கேள்விக்குத் தாவுகிறவர்கள் தாவலாம். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

கிளைசின்னா என்ன? மருந்தா, சத்தா?

புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ ஜெலட்டினை அமிலத்தோடு கொதிக்கவைத்தபோது கிடைத்த இனிப்பான படிகம் இது. ஜெலட்டின் சர்க்கரை என்றே அவர் அதைக் குறிப்பிட்டார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றுக்கும் உறுதி தரும் கொல்லாஜன் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின்தான். சாப்பாட்டில் குறைந்தாலும், செரின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து உடலே இதைத் தயாரித்துக்கொள்ளும்.

அந்த வகையில் இது சத்துதான். ஆனால் தண்டுவடத்திலும் மூளையிலும் இதற்கு வேறொரு உத்தியோகம் இருக்கிறது. கீழே வருவது முழுக்க அதைப் பற்றியது.

சாப்பாட்டில இருக்கிற ஒரு சாதாரணப் பொருள் நரம்புக்கு எப்படித் தகவல் சொல்லும்?

ஒரு நரம்பணுவின் நுனியிலிருந்து சிறிதளவு ரசாயனம் வெளியேறி, எதிரே இருக்கும் நரம்பணுவின் ஏற்பியில் ஒட்டுகிறது. நரம்புகள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். அந்த ரசாயனம் அபூர்வமானதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1965இல் அப்ரிசன், வெர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பூனையின் தண்டுவடத்தில் எந்தப் பகுதியில் எவ்வளவு கிளைசின் இருக்கிறது என்று அளந்தார்கள். நரம்பு வேர்களைவிடத் தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியில் அது மிக அதிகமாக இருந்தது. வெறும் கட்டுமானப் பொருளாக இருந்தால் இப்படி ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அது அடக்கும் நரம்புக் கடத்தி என்பது உறுதியானது.

அடக்குவது எப்படி? கிளைசின் ஏற்பி என்பது ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த ஒரு புரதம். நடுவில் ஒரு துளை. கிளைசின் ஒட்டியதும் துளை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே போகும். குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்டது. அது உள்ளே போனால் அந்த நரம்பணுவைத் தூண்டுவது கடினமாகிவிடும். இந்தக் குளோரைடு விஷயத்தை நினைவில் வையுங்கள். அக்கி வலி பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

எனக்கு எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ். அப்போ எனக்குக் கிளைசின் குறைவா?

இல்லை. ‘தண்டுவடத்தில் வலியைக் கையாளுதல்’ என்றதும் முதுகுவலி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கால் கட்டைவிரலில் முள் குத்தினாலும் அந்தச் செய்தி தண்டுவடம் வழியாகத்தான் போகிறது. கழுத்துக்குக் கீழே உடலின் எந்த வலிக்கும் முதல் நிறுத்தம் அதுதான். முகத்து வலிக்கு மட்டும் அந்த வேலையை மூளைத்தண்டு செய்கிறது.

இன்னொன்று. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். எல்4-எல்5 என்பது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள். அந்த உயரத்தில் தண்டுவடமே கிடையாது, நரம்பு வேர்கள்தான் தொங்குகின்றன. உங்கள் டிஸ்க் உரசுவது அந்த வேரை. ரத்தத்தில் கிளைசின் அளவு பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சரி, தண்டுவடத்துக்குள்ள வலி போனதும் என்ன நடக்குது? கிளைசின் எங்கே வருது?

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குப் பின்கொம்பு என்று பெயர். தொடுகை, சூடு, வலி எல்லாம் இங்கேதான் வந்து சேரும். பின்கொம்பு மேலிருந்து கீழாக அடுக்குகளாகப் பிரிந்திருக்கிறது. வலிக்கான மெல்லிய நரம்பிழைகள் முதல் இரண்டு அடுக்குகளில் முடிகின்றன. மென்மையான தொடுகைக்கான தடித்த இழைகள் அதற்குக் கீழே. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நடுவில் இருக்கும் சிறு நரம்பணுக்கள். அவற்றில் ஒரு பகுதி கிளைசினை வெளியிடுபவை, ஒரு பகுதி காபா என்ற இன்னொரு அடக்கும் கடத்தியை வெளியிடுபவை, இரண்டையும் சேர்த்து வெளியிடுபவையும் உண்டு.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 2015இல் சூரிச் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டினார்கள். பின்கொம்பில் கிளைசின் வெளியிடும் நரம்பணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செயலிழக்க வைத்தபோது, எலிகளுக்குத் தொடுகை, சூடு, குளிர் எல்லாவற்றுக்கும் உணர்வு எகிறியது. அடிபடாத எலிகள், ஆனால் வலியில் இருப்பவைபோல நடந்துகொண்டன. தானாகவே உடம்பைக் கடித்துச் சொறிந்துகொண்டன. அதே நரம்பணுக்களைச் செயற்கையாகத் தூண்டியபோது வலியும் அரிப்பும் குறைந்தன. வலி என்றால் எங்கோ அடிபட்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மாணவர்களிடம் கலைக்க இந்த ஒரு சோதனை போதும்.

அடிபட்ட இடத்தைத் தேய்ச்சா வலி குறையுதே, அது இதனாலதானா?

பெருமளவு ஆமாம். தேய்க்கும்போது தடித்த தொடுகை இழைகள் தூண்டப்படுகின்றன, அவை பின்கொம்பின் அடக்கும் நரம்பணுக்களை எழுப்பிவிடுகின்றன. மெல்சாக், வால் இருவரும் 1965இல் வெளியிட்ட வாயில் கோட்பாட்டின் சாரம் இதுதான். தண்டுவடத்தில் கிளைசின் குவிந்திருப்பது தெரியவந்த அதே ஆண்டு! அவர்கள் வரைந்த சுற்றுப்படத்தின் விவரங்கள் பலவும் பின்னால் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது. உங்களுக்கு டென்ஸ் கருவி (தோல் வழியே லேசான மின்தூண்டல் தருவது) வைக்கும் பிசியோதெரபிஸ்ட் நம்பியிருப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

எட்டிக்கொட்டை விஷத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டாமே?

நேரடிச் சம்பந்தம். ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று பழமொழியில் வரும் அதே எட்டி மரம்தான். ஆரஞ்சு நிறப் பழத்துக்குள் சட்டைப் பொத்தான்போல் தட்டையாக, பட்டு ரோமம் போர்த்த விதைகள் இருக்கும். அவற்றில் இருக்கும் ஸ்டிரிக்னின் என்ற நஞ்சை 1818இல் பெல்லட்டியே, கவாந்து என்ற பிரெஞ்சுக்காரர்கள் எட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிளைசின் கண்டுபிடிக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டு முன்னால். இரண்டும் ஒரே ஏற்பிக்குப் போட்டி போடுபவை என்று தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

ஸ்டிரிக்னின் கிளைசின் ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் துளையைத் திறக்காது. கிளைசின் வந்து பயனில்லை. விளைவு கொடூரமானது. கதவு சாத்தும் சத்தம், விளக்கு வெளிச்சம், லேசான தொடுகை எதுவும் உடல் முழுக்கத் தசைகளை இறுக்கிவிடும்; முதுகு வில்லாக வளையும். மூச்சுத் தசைகள் விறைத்து உயிர் போகும். வலிப்பு நோயில் உடல் முழுக்க இழுக்கும்போது பெரும்பாலும் நினைவு தப்பிவிடும். இங்கே பாதிப்பு முக்கியமாகத் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் என்பதால் ஆள் நினைவோடு இருப்பார், எல்லாம் தெரியும்.

எலிகளின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் மிகச் சிறிதளவு ஸ்டிரிக்னின் கொடுத்தால், வலிப்பு வராமல், ரோமத்தை வருடினாலே வலிப்பதுபோல் துள்ளுகின்றன. தொடுகைக்கும் வலிக்கும் நடுவில் நிற்பது கிளைசின் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், கிளைசின் ஏற்பியை 1982இல் தண்டுவடத்திலிருந்து தனியே பிரித்தெடுக்க உதவியதும் ஸ்டிரிக்னின்தான். அது அவ்வளவு இறுக்கமாக ஒட்டும்.

இதைச் சொன்னதும் ஒருவர், ‘சுத்தி செய்த எட்டிக்கொட்டை வலிக்கு நல்லதுன்னு சொல்வாங்களே’ என்றார். மருந்தாகத் தரத் தகுதி பெற்றவர் தருவது வேறு. வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு ஊறவைத்து உரித்துச் சாப்பிடுவது வேறு. இரண்டாவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

டெட்டனஸ்ல உடம்பு வில்லா வளையுமே, அதுவும் இதே கதையா?

முடிவு ஒன்று, வழி வேறு. எட்டி நஞ்சு கிளைசின் போய்ச் சேரும் இடத்தை அடைக்கிறது. டெட்டனஸ் நஞ்சு கிளைசின் கிளம்பும் இடத்தையே முடக்குகிறது. காயத்தில் வளரும் கிருமியின் நஞ்சு, தசைக்கு வரும் நரம்பின் நுனியில் ஏறி, இழை வழியே பின்னோக்கிப் பயணித்துத் தண்டுவடத்தை அடையும். அங்கே அடக்கும் நரம்பணுக்களுக்குள் நுழைந்து, கடத்திப் பைகளை வெளிப்பக்கம் ஒட்டவைக்க உதவும் சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டிவிடும். கிளைசினும் காபாவும் வெளியே வர வழியில்லாமல் போகும். வழக்கமாக முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். ஆணி குத்தினால் ஊசி போடச் சொல்வது இதற்காகத்தான்.

பிறந்த குழந்தை சின்ன சத்தத்துக்கே விறைச்சுப் போகுது. இதுவும் கிளைசினா?

எல்லாக் குழந்தைகளும் திடுக்கிடும், அது இயல்பு. ஆனால் மிக அரிதாக, கிளைசின் ஏற்பியின் மரபணுவிலேயே பிழையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. மூக்கு நுனியில் மெல்லத் தட்டினால் தலை பின்னால் வெட்டி இழுக்கும், உடம்பு மரக்கட்டையாகும், சில நேரம் மூச்சும் நிற்கும். ஹைப்பரெக்பிளெக்சியா என்பது இதன் பெயர். காரணமான மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்டது. வலிப்பு நோய் என்று தவறாக நினைத்துவிட வாய்ப்பு அதிகம்.

அப்படி விறைக்கும்போது தலையையும் கால்களையும் வயிற்றுப் பக்கமாக மடக்கிப் பிடித்தால் தளர்ந்துவிடும் என்பது குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லித்தரும் எளிய உத்தி. க்ளோனசெபாம் மாத்திரை நன்றாகவே கேட்கும். அது காபா ஏற்பியை வலுப்படுத்துவது. கிளைசின் செய்யாத வேலையைக் காபா ஈடுகட்டுகிறது.

மூட்டு வீங்கினா தொட்டாலே வலிக்குது. வீக்கம் மூட்டுல, தண்டுவடத்துக்கு என்ன வந்தது?

நல்ல கேள்வி. வீக்கம் இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, அந்த இடத்துக்குரிய தண்டுவடப் பகுதியிலும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருள் சுரக்கிறது. பின்கொம்பின் மேலடுக்குகளில் கிளைசின் ஏற்பியின் ஒரு தனி ரகம் இருக்கிறது, அதற்கு ஆல்ஃபா-3 என்று பெயர். புரோஸ்டாகிளாண்டின் அந்த நரம்பணுவுக்குள் ஒரு நொதியை முடுக்கிவிட, அது ஆல்ஃபா-3 ஏற்பியில் பாஸ்பேட் ஒன்றைச் சேர்த்துவிடும். ஏற்பி மந்தமாகிவிடும். கிளைசின் வருகிறது, ஆனால் பழைய அளவுக்கு அடக்க முடிவதில்லை. 2004இல் இது வெளியானது. ஆல்ஃபா-3 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு வீக்கத்தால் வரும் அந்த நீடித்த கூருணர்வு வரவில்லை.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைப்பவை. அவை மூட்டில் மட்டும் வேலை செய்கின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்டுவடத்தில் கிளைசினுக்கு அதன் வேலையைத் திருப்பிக் கொடுப்பதும் அவற்றின் பலனில் ஒரு பங்கு.

அக்கி வந்து ஆறி மாசக்கணக்காச்சு. இன்னும் சட்டை உரசினாலே எரியுது. வீக்கமே இல்லையே?

இந்த வலி வேறு சாதி. மேலே சொன்ன ஆல்ஃபா-3 இல்லாத எலிகளுக்கும் நரம்பு அடிபட்டால் இந்த வகை வலி வழக்கம்போல் வந்துவிடுகிறது. டைக்ளோஃபினாக் இதற்குச் சரியாகக் கேட்காததில் ஆச்சரியமில்லை.

இங்கேதான் குளோரைடு மறுபடி வருகிறது. ஏற்பியின் துளை திறந்தால் குளோரைடு தானாக உள்ளே பாய்வதற்குக் காரணம், நரம்பணுவுக்குள் அது எப்போதும் குறைவாக வைக்கப்பட்டிருப்பது. கேசிசி2 என்ற புரதம் ஓயாமல் குளோரைடை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மாடித் தொட்டிக்கும் வீட்டுக் குழாய்க்கும் உயர வித்தியாசம் இருக்கும்வரைதான் தண்ணீர் விழும். வித்தியாசம் இல்லையென்றால் குழாயை எவ்வளவு திறந்தாலும் ஒன்றும் வராது. நரம்பு அடிபட்ட பிறகு பின்கொம்பில் கேசிசி2 குறைந்துவிடுகிறது என்பதைக் கனடாவின் டி கோனிங்க் குழு 2003இல் எலிகளில் காட்டியது. உள்ளே குளோரைடு தேங்குகிறது. கிளைசின் இருக்கிறது, ஏற்பியும் இருக்கிறது, துளையும் திறக்கிறது, ஆனால் அடக்கம் நடப்பதில்லை. நிலைமை முற்றினால் குளோரைடு வெளிப்பக்கம் ஓடி, கிளைசினே அந்த நரம்பணுவைத் தூண்டிவிடவும் கூடும். அப்புறம் சட்டை உரசும் செய்தி வலிப் பாதையில் ஏறிவிடுகிறது.

கேசிசி2 ஏன் குறைகிறது? தண்டுவடத்தின் மைக்ரோக்லியா என்ற காவல் செல்கள் பிடிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரப்பது ஒரு காரணம் என்று 2005இல் அதே குழுவினர் கண்டார்கள். பத்தாண்டு கழித்து இன்னொரு திருப்பம்: மைக்ரோக்லியா வழி ஆண் எலிகளில்தான் முக்கியம், பெண் எலிகளில் வலி அதைச் சார்ந்திருக்கவில்லை. அதுவரை நடந்த வலி ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண் எலிகளையே பயன்படுத்தி வந்தார்கள் என்பதைச் சொன்னால், வகுப்பில் பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கருவிலும் பிறந்த புதிதிலும் நரம்பணுக்களில் கேசிசி2 குறைவாகத்தான் இருக்கும். அப்போது கிளைசின் தூண்டும் கடத்தியாகவே இருக்கிறது. வளர வளரத்தான் மாறும். நரம்பு வலியில் தண்டுவடம் ஒருவகையில் அந்தப் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

அப்போ ஆட்டுக்கால் சூப் குடிச்சா வலி போகுமா?

சூப் நல்ல சாப்பாடு. மிளகு சீரகம் தட்டிப் போட்டு, மணிக்கணக்கில் கொதித்த கால் சூப்பில் ஜெலட்டின் இறங்கியிருக்கும், ஜெலட்டினில் கிளைசின் ஏராளம். அதுவரை சரி. ஆனால் குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்த கிளைசின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அவ்வளவு எளிதாக நுழையாது; ரத்தத்துக்கும் நரம்புத் திசுவுக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை மெதுவாகத்தான் விடும். பின்கொம்பு நரம்பணுக்கள் தமக்கு வேண்டிய கிளைசினை வெளியிட்டு, மறுபடி உறிஞ்சி, திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கின்றன.

அதைவிட முக்கியம் முந்தைய இரண்டு பதில்கள். வீக்க வலியில் மந்தமானது ஏற்பி, நரம்பு வலியில் கெட்டது குளோரைடு கணக்கு. எதிலும் கிளைசின் தட்டுப்பாடு என்பது முதல் பிரச்சினையாக இல்லை. இல்லாத குறையைச் சூப்பால் நிரப்ப முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வலி அதிகம் வரும் என்று பயமுறுத்துவதும் இதே காரணத்தால் பொருளற்றது. பருப்பு, எள், வேர்க்கடலையிலும் கிளைசின் இருக்கிறது, மீதியை உடல் செய்துகொள்ளும்.

தூங்கப் போகும்போது 3 கிராம் சாப்பிட்டா தூக்கம் நல்லா வரும்னு சொல்றாங்களே?

விளம்பரங்களில் ஓரளவு ஆதாரம் உள்ள ஒரே விஷயம் இது. ஜப்பானில் 2006 முதல் சில சிறிய ஆய்வுகள் 3 கிராம் அளவில் நடந்தன. தூக்கம் பற்றிக் குறை சொன்னவர்கள் மறுநாள் காலை களைப்புக் குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். எலிகளில் பார்த்தபோது, தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைகிறது. உறக்கம் தொடங்க அது உதவும். சுவாரசியம் என்னவென்றால், இந்த விளைவு ஸ்டிரிக்னின் அடைக்கும் ஏற்பி வழியாக வரவில்லை, அடுத்த கேள்வியில் வரும் ஏற்பி வழியாக வருகிறது. ஆய்வுகள் சிறியவை, சிலவற்றில் கிளைசின் தயாரிக்கும் அஜினோமோட்டோ நிறுவன ஆய்வாளர்களே ஈடுபட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

மூளையிலயும் அடக்குற வேலைதானா?

மூளைத்தண்டிலும் கண்ணின் விழித்திரையிலும் அடக்கும் வேலைதான். கனவுத் தூக்கத்தில் கை கால் அசையாமல் தசைகள் தளர்ந்து கிடக்கின்றனவே, அதற்கும் மூளைத்தண்டிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் கிளைசினும் காபாவும் காரணம்.

ஆனால் மேல்மூளையில் கதை தலைகீழ். 1987இல் ஜான்சன், அஷர் என்ற இருவர் பாரிஸில், வளர்ப்புத் தட்டில் இருந்த சுண்டெலி மூளைச் செல்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நினைவுக்கும் கற்றலுக்கும் அடிப்படையான என்எம்டிஏ ஏற்பி, குளூட்டமேட் என்ற தூண்டும் கடத்தி மட்டும் வந்தால் திறப்பதில்லை. கூடவே கிளைசினும் ஒட்டியாக வேண்டும். இந்த இடத்தை ஸ்டிரிக்னின் தொடாது. பல இடங்களில் கிளைசினுக்குப் பதில் டி-செரின் என்ற பொருள் இதே வேலையைச் செய்கிறது. ஆக, ஒரே மூலக்கூறு தண்டுவடத்தில் அடக்குகிறது, மேல்மூளையில் தூண்டலுக்குத் துணைபோகிறது. வலிச் செய்தி தண்டுவடத்திலேயே பெருகி நிலைத்துவிடுவதிலும் என்எம்டிஏ ஏற்பிக்குப் பங்கு உண்டு என்பதால், வலி விஷயத்திலேயேகூட இது இரண்டு பக்கமும் நிற்கிறது.

அப்படின்னா கிளைசின் ரொம்ப அதிகமானா என்ன ஆகும்?

இரண்டு முகமும் ஒரே நேரத்தில் தெரியும். கிளைசினைச் சிதைக்கும் நொதி அமைப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு, மிக அரிது. பிறந்த சில நாளில் துவண்டு கிடப்பார்கள், மூச்சு மந்தமாகும், விடாத விக்கல் வரும். அது அடக்கும் முகம். கூடவே கடும் வலிப்பும் வரும். அது என்எம்டிஏ முகம். சிகிச்சையில் சோடியம் பென்சோயேட் தருவார்கள். ஊறுகாய் பாட்டிலில் கெடாமல் இருக்கச் சேர்ப்பார்களே, அதே பொருள். கிளைசினோடு சேர்ந்து சிறுநீரில் வெளியேறிவிடும். என்எம்டிஏ ஏற்பியைக் கட்டுப்படுத்த டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன்; வறட்டு இருமல் சிரப்பில் இருப்பது.

பெரியவர்களில் இதைக் கண்டவர்கள் சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர்கள். புராஸ்டேட் சுரப்பியைக் குழாய் வழியே சுரண்டி எடுக்கும்போது 1.5 சதவீதக் கிளைசின் கரைசலால் கழுவிக்கொண்டே இருப்பார்கள். அது அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறிவிட்டால், முதுகில் ஊசி போட்டு விழித்துப் படுத்திருக்கும் நோயாளி திடீரென்று ‘கண்ணு தெரியல’ என்பார். விழித்திரையில் கிளைசின் அடக்கும் கடத்தி என்று சொன்னேனே, அதுதான். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பார்வை திரும்பிவிடும். ரத்தத்தில் சோடியம் குறைவதுதான் இதைவிடப் பெரிய ஆபத்து. இப்போது பல மருத்துவமனைகளில் உப்புக் கரைசலோடு வேலை செய்யும் கருவிகள் வந்துவிட்டன.

மனச்சிதைவு நோய்க்குக் கிளைசின் கொடுத்தாங்களாமே?

கொடுத்துப் பார்த்தார்கள். அந்த நோயில் என்எம்டிஏ ஏற்பி மந்தமாக இருக்கிறது என்ற கருத்து வலுவானது. கிளைசினால் அதை ஊக்கலாம் என்று நினைத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் வரை, அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 48 கிராம். முன்பு சொன்ன தடுப்பைத் தாண்ட அவ்வளவு தேவைப்பட்டது. ஆரம்பத்தில் நம்பிக்கை தந்த ஆய்வுகள் வந்தன; 2007இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. கிளைசினை உறிஞ்சிக்கொள்ளும் ஜிஎல்ஒய்டி1 என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளும் கைகொடுக்கவில்லை: பிட்டோபெர்ட்டின் 2014இல், ஐக்லெபெர்ட்டின் 2025 தொடக்கத்தில் கடைசிக் கட்டச் சோதனைகளில் தோற்றன.

எனக்குப் பிரீகாபாலின் எழுதியிருக்காங்க. அது கிளைசினைக் கூட்டுதா?

இல்லை. நரம்பு நுனியில் கால்சியம் நுழையும் வழியிலுள்ள ஒரு துணைப் புரதத்தில் அது ஒட்டுகிறது. அதனால் தூண்டும் கடத்திகள் குறைவாக வெளியேறுகின்றன. அடக்கத்தைக் கூட்டாமல் தூண்டலைக் குறைக்கும் வழி. திடீரென்று நிறுத்தக் கூடாத மாத்திரை, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு தெரிஞ்சும் கிளைசினை வெச்சு ஒரு வலி மருந்து ஏன் வரல?

ஏற்பி எங்கும் இருப்பதுதான் சிக்கல். கிளைசின் ஏற்பிகளை மொத்தமாக வலுப்படுத்தினால் நடையும் மூச்சும் சேர்ந்து அடங்கும். எனவே பின்கொம்பின் ஆல்ஃபா-3 ரகத்தை மட்டும் தொடும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். 2017இல் ஆம்ஜென் நிறுவன ஆய்வாளர்கள் கிளைசின் ஏற்பியை வலுப்படுத்தும் ஒரு மூலக்கூறு வகையை ஆல்ஃபா-3இன் முப்பரிமாண வடிவத்தோடு பொருத்திக் காட்டினார்கள். சுண்டெலிகளில் நரம்பு வலி குறைந்தது. கேசிசி2வை மீட்கும் மருந்துகளைத் தேடுபவர்கள் இன்னொரு பக்கம்.

மூன்றாவது வழி, வெளியேறிய கிளைசின் சற்று நேரம் கூடுதலாக நிற்கும்படி செய்வது. அதற்கு நரம்பு நுனியில் கிளைசினைத் திரும்ப உறிஞ்சும் ஜிஎல்ஒய்டி2 என்ற புரதத்தைத் தடுக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் புரதம் திரும்ப உறிஞ்சிக் கொண்டுவரும் கிளைசினை வைத்துத்தான் நரம்பு நுனி தன் பைகளை நிரப்பிக்கொள்கிறது. முழுவதும் தடுத்தால் சிறிது நேரத்தில் பைகள் காலி, அடக்கம் போய்விடும்; மருந்தே எட்டி நஞ்சாகிவிடும். ஜிஎல்ஒய்டி2 இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் ஹைப்பரெக்பிளெக்சியா போன்ற விறைப்போடு சில வாரங்களுக்குள் இறந்துவிடுகின்றன. அரைகுறையாக, திரும்பப் பெறக்கூடிய விதத்தில் தடுக்கும் மருந்துதான் தேவை. தென்கொரியாவில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு 2024 இறுதியில் அனுமதி பெற்ற ஓபிரான்செரின் ஊசி இந்தப் புரதத்தைத் தடுப்பது. ஆனால் அது செரோட்டோனின் ஏற்பி ஒன்றையும் சேர்த்தே தடுக்கிறது. நாள்பட்ட நரம்பு வலிக்கு அது அனுமதிக்கப்பட்ட மருந்து அல்ல.